கணித நாளும் தேங்காய் பர்பியும்

கும்பகோணத்தில் ஒரு கல்லூரி. டிசம்பர் இரண்டாம் வாரம், இடைவேளை முடிந்து கேன்டீன் காலியாகிவிட்டது. கல்லாவில் கேன்டீன்காரர். ஆபீஸ் அட்டெண்டர் கையில் சர்க்குலரோடு வருகிறார்.

அட்டெண்டர்: அண்ணே, ஒரு டிகிரி காபி. அப்படியே இதில் ஒரு கையெழுத்து.

கேன்டீன்காரர்: போன ஆண்டு விழா பாக்கி வருகிற வரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை தம்பி.

அட்டெண்டர்: இது பில் இல்லை. மார்ச் வரைக்கும் நடக்கப்போகிற விழாக்கள். பார்த்தாயிற்று என்று எல்லாத் துறையும் கையெழுத்துப் போட வேண்டும். கேன்டீனும் ஒரு துறைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

கேன்டீன்காரர்: தினமும் முழு அட்டெண்டன்ஸ் விழுகிற துறை இது ஒன்றுதான். படி, கேட்போம்.

அட்டெண்டர்: டிசம்பர் 22 தேசிய கணித நாள். ஜனவரியில் பொங்கல், துறைக்கு ஒரு பானை, கோலம், உறியடி. பிப்ரவரி 21 தாய்மொழி நாள், பட்டிமன்றம். 28 அறிவியல் நாள், கண்காட்சி. மார்ச் 8 மகளிர் நாள். நடுவில் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்று.

கேன்டீன்காரர்: கருத்தரங்குக்கு சர்டிபிகேட் உண்டா? ஓ.டி., அதாவது வகுப்புக்குப் போகாமலே அட்டெண்டன்ஸ், உண்டா?

அட்டெண்டர்: இரண்டும் உண்டு.

கேன்டீன்காரர்: அப்போது 300 டீ. இரண்டும் இல்லை என்றால் 40 போதும், அதிலும் பத்து மிஞ்சும், மைக்செட் ஆளுக்கு இரண்டாம் ரவுண்டு கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். டீ கேன் வாசலுக்கு வரும்போது பார், 300 தலை. கேன் காலியானதும் பார், முன் வரிசையில் பேராசிரியர்கள், கடைசி வரிசையில் போனுக்குச் சார்ஜ் போடுகிற பிள்ளைகள், நடுவில் நாற்காலிதான். தமிழ்த்தாய் வாழ்த்து 55 வினாடி என்று அரசாங்கமே ஆணை போட்டிருக்கிறது இல்லையா? வரவேற்புரைக்கும் அப்படி ஒன்று போட்டால் என் வடை ஆறாது.

அட்டெண்டர்: பொங்கலுக்கு உங்கள் பெரிய பாத்திரம் இரண்டு கேட்டிருக்கிறார்கள்.

கேன்டீன்காரர்: கிடையாது! போன வருடம் கொடுத்தது அடிப்பிடித்து வந்தது. பச்சை விறகை வைத்துவிட்டு ஏழு பேர் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தால் பால் எப்படிப் பொங்கும்? கடைசியில் பொங்கலோ பொங்கல் என்று கத்தியதே என் பாத்திரத்தின் அடியில் ஓட்டை விழுந்த பிறகுதான். அதை விடு, 28 என்ன, சர் சி.வி. ராமனுக்குப் பிறந்த நாளா?

அட்டெண்டர்: பிறந்தது நவம்பர் 7, நம் திருச்சியில். 1928 பிப்ரவரி 28-ல்தான் ராமன் விளைவை அறிவித்தார். பேனர் புரூப் பார்க்கிறவன் நான்தானே அண்ணே.

கேன்டீன்காரர்: நல்ல மனிதர். நவம்பரில் வைத்தால் செமஸ்டர் பரீட்சை, ஒரு போண்டா போகாது. தாய்மொழி நாள்?

அட்டெண்டர்: 1952-ல் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்களைச் சுட்டுக் கொன்ற நாள். இதில் மட்டும் நான் விளையாட மாட்டேன். ஆனால் பட்டிமன்றத் தலைப்பு வாட்ஸ்அப்பில் இங்கிலீஷ் எழுத்தில் வந்தது, அதைத் தமிழ் எழுத்தில் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது.

கேன்டீன்காரர்: சரி, கணித நாளுக்கு என்ன, 50 டீயா?

அட்டெண்டர்: டீ இல்லை. 1729 மைசூர்பாகு.

கேன்டீன்காரர்: (காபியைக் கீழே வைக்கிறார்) கல்யாணமா?

அட்டெண்டர்: கணித நாளே கணித மேதை ராமானுஜன் பிறந்த நாள்தானே, இது ராமானுஜன் எண் அண்ணே. இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற முதல் எண். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 12 வரும்படி கட்டமாக அடுக்கினால் 1728, தனியாக ஒன்று. கலைத்து அடுக்கினால் 10 அடுக்கில் ஒரு கட்டம், 9 அடுக்கில் ஒரு கட்டம், மிச்சமே வராது. விருந்தினர் கண் முன்னால் அடுக்கிக் காட்டப்போகிறார்களாம்.

கேன்டீன்காரர்: துண்டு பத்து ரூபாய் என்றால் 17,290. துறைக்கு எவ்வளவு தந்திருக்கிறார்கள்?

அட்டெண்டர்: ஐயாயிரம். பூங்கொத்து, பொன்னாடை உட்பட.

கேன்டீன்காரர்: தேங்காய் பர்பி, விரல் நுனி அளவு, துண்டு இரண்டு ரூபாய். 3,458. அதற்குமேல் ராமானுஜனே வந்தாலும் குறைக்க மாட்டேன். பாவம், அவருக்கு ஸ்காலர்ஷிப் போனதே இந்த ஊரில்தானே? இங்கிலீஷில் ஃபெயில். எனக்கும் இங்கிலீஷில்தான் போனது, எனக்கு யார் நாள் கொண்டாடுகிறார்கள்?

அட்டெண்டர்: உங்களுக்குக் கணக்கும் போனது அண்ணே.

(டிசம்பர் 22, காலை 10.40. அரங்கத்தின் பின்வாசல். உள்ளே மைக்கில், "இன்னும் சற்று நேரத்தில் நம் சிறப்பு விருந்தினர்..." பத்து மணியிலிருந்து இதேதான்.)

அட்டெண்டர்: அண்ணே, கையில் ஒரு பர்பி இருக்குமா? ஒன்றே ஒன்று.

கேன்டீன்காரர்: எண்ணித்தானே கொடுத்தேன்?

அட்டெண்டர்: 1728 அடுக்கியாயிற்று. அந்த ஒன்றை மட்டும் ராமானுஜன் படத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் வைத்திருந்தார்கள். மாலை போட்ட படம், பக்கத்தில் ஊதுபத்தி... பிரசாதம் என்று நினைத்துவிட்டேன்.

கேன்டீன்காரர்: அடப்பாவி, அந்த ஒன்றுக்காகத்தானே இந்த விழாவே! என்னிடம் ஏது? ஓரத்துண்டெல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகள் காலையிலேயே வாங்கிப் போய்விட்டார்கள்.

அட்டெண்டர்: கணக்கு சார் வந்து பார்த்தால்?

கேன்டீன்காரர்: பதறாதே. கட்டத்தின் நடுவிலிருந்து ஒன்றை உருவித் தட்டில் வை. வெளியே இருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும்?

அட்டெண்டர்: நடுவில் இருப்பதை எடுக்க மேல் ஆறு அடுக்கையும் இறக்க வேண்டுமே.

கேன்டீன்காரர்: அழைப்பிதழில் எத்தனை மணி?

அட்டெண்டர்: 10.30.

கேன்டீன்காரர்: அப்படியானால் விருந்தினர் 12 மணிக்குத்தான் வருவார். இறக்கு.

(கால் மணி நேரம் கழித்து.)

கேன்டீன்காரர்: முடிந்ததா?

அட்டெண்டர்: முடிந்தது. இறக்கும்போது மட்டும் இரண்டு உடைந்துவிட்டது அண்ணே.

கேன்டீன்காரர்: உடைந்தது எங்கே?

அட்டெண்டர்: (வாயைத் துடைத்துக்கொண்டு) கொஞ்சம் ஏலக்காய் கூடப் போட்டிருக்கலாம்.