எடை கூடினால் கிளைடரின் சறுக்குத் தூரம் குறையுமா? – உண்மை விளக்கம்

இரண்டாவது ஆள் ஏறினாலோ இறக்கைகளில் தண்ணீர் நிரப்பினாலோ, எடை கூடுவதால் கிளைடர் (இயந்திர விசையின்றிச் சறுக்கிப் பறக்கும் விமானம்) எட்டக்கூடிய தூரம் குறைந்துவிடும் என்ற கூற்று பரவி வருகிறது. இது தவறு.

26.5 மீட்டர் இறக்கை அகலமுள்ள, ஜெர்மனியில் தயாரான இரட்டை இருக்கை நிம்பஸ்-4டி, காற்று அசைவற்றிருக்கையில் 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சறுக்கும். உயரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள இந்த விகிதத்தை நிர்ணயிப்பது தூக்குவிசைக்கும் காற்றுத் தடைக்கும் உள்ள விகிதமே. எடை கூடும்போது அவ்விகிதம் அநேகமாக மாறுவதில்லை. மிகச் சிறந்த விகிதம் கிடைக்கும் வேகம்தான், எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயர்கிறது. எடை 20 சதவீதம் கூடினால் வேகம் சுமார் 10 சதவீதம் கூடும். அதாவது அதே தூரத்தை விரைவில் கடக்கலாம். தண்ணீரை விலை கொடுத்து வாங்காத எரிபொருள் என்றே உரிமையாளர்கள் கருதுவதில் வியப்பில்லை.

கூற்றில் உண்மையின் சாயல் ஒன்று உண்டு. கனமான விமானம் ஒவ்வொரு நொடியும் கூடுதலாகத் தாழ்கிறது. ஆகவே மேலெழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு மேலேறுவது மெதுவாகும். ஏற்றம் பலவீனமான நாளில் தண்ணீரை வெளியேற்றுவது அதனால்தான். தூரம் குறையும் என்ற அச்சத்தால் அன்று.

2003 ஜனவரியில், அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடக்கும் காற்று உண்டாக்கும் அலைகளில் ஜெர்மன் விமானி கிளவுஸ் ஓல்மன் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் பறந்தபோது, அவரது நிம்பஸ்-4டிஎம் கிளைடரில் இருவர் இருந்தனர்.