4294967297: வகுக்காமலே காரணி தெரியும்

4294967297 பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலமான 65536 வரை உள்ள 6542 பகா எண்களாலும் வகுக்கணும் என்கிறது ஒரு கட்டுரை. அவ்வளவு பாடு தேவையில்லை. இது 2³²+1. இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்ட பகா எண்களில் முதலாவது 257, அது வகுக்காது (மீதி 2). அடுத்ததே 641, மாட்டிக்கொண்டது! 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் கண்டது இதைத்தான்.

வகுக்காமலே சரிபார்க்கலாம். 641 = 5×2⁷+1. ஆக 641-ஆல் வகுக்கையில் 5×2⁷-இன் மீதி −1; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. 641 = 5⁴+2⁴ என்பதால் 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ போடுங்கள். −2³²-இன் மீதி 1 என்றாகிறது, அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடும்.

ஈவு 6700417. இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம்; இதன் காரணிகளும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவையே, 257 ஏற்கெனவே கழிந்துவிட்டது; ஆக 641, 769, 1153, 1409 என்ற நான்கு எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது, எனவே பகா எண்.

நிரல் எழுதுபவர்களுக்கு: குறியில்லா 32 பிட் மாறியில் இந்த எண் வெறும் 1 ஆகிவிடும், 64 பிட் வையுங்கள். ஃபெர்மா சோதனையை (n பகா எண்ணா என்று அறிய, aⁿ⁻¹-ஐ n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது; a-தான் அடிமானம்) அடிமானம் 2-இல் ஓட்டாதீர்கள், பகா எண் என்றே பொய் சொல்லும். 3 வைத்தால் குட்டு வெளிப்படும்.