ஓரமாக வைக்கப்பட்ட நான்கு மிருதங்கங்கள்

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி முகாமில், பெற்றோர் பார்க்க வரும் நாளில் நடந்தது என்ன என்பதை அந்த நிகழ்ச்சியின் காணொளியைப் பகிர்ந்த நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பெண் குழந்தைகளுக்கென்றே நடத்தும் கோடை இசை முகாமில், பத்து நாள் மிருதங்கம் கற்ற நான்கு பெண்களை மேடையோரத்தில் கையால் தாளம் போட உட்கார வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஓர் ஆண் வித்வானை அழைத்து வாசிக்கச் செய்தது தவறு. இதைத்தான் அங்கும் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

"கச்சேரி களைகட்ட வேண்டாமா மேடம்?" என்றார் ஒருங்கிணைப்பாளர். பாடிய குழந்தைகளும் அதே பத்து நாள்தான் கற்றார்கள், சுருதி விலகிய இடங்களும் இருந்தன. அதற்காக யாரும் சென்னையிலிருந்து பாடகியை வரவழைக்கவில்லையே.

அந்த நால்வரில் ஒருத்தியான என் மகள் அன்று காலையிலேயே ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான இடந்தலையின் நடுவில் வட்டமாக அப்பி வைத்திருந்தாள். அது ஈரமாக இருந்தால்தான் தொப்பி என்னும் அந்த இடப்பக்கம் கனத்து ஒலிக்கும். கத்திரி வெயிலில், தகரக் கூரை வேய்ந்த அந்தக் கூடத்தில் அது காயக் காய, விரலை நனைத்துத் தடவிக்கொண்டே அழைப்புக்காகக் காத்திருந்தாள். நிகழ்ச்சி முடிந்தபோது ரவை வறண்ட ஏரித் தரையைப் போல வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தபடி, "பரவாயில்லம்மா" என்றாள். பதின்மூன்று வயதில் அந்தச் சொல்லை யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? முகாமின் பாடத்திட்டத்தில் அது இல்லை.

பத்து நாளில் என்ன மிருதங்கம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: உண்மைதான், அதிகம் வராது. ஆனால் ஆதி தாளத்தில் ஒரு கீதத்துக்கு வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தது என்று சொன்னவர் அவர்களுடைய ஆசிரியரே. வந்த வித்வானை அவமதிப்பதாகச் சொல்பவர்களுக்கு: அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மரபு என்று பேசுபவர்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மிருதங்கம் வாசித்தவர். பாடகிகளுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரே, நம் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்த பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். கடம் என்னும் பானைத் தாளக் கருவியில் சுகன்யா ராம்கோபால் இருக்கிறார். எந்த மரபைக் காப்பாற்ற என் மகளை ஓரம் கட்டினீர்கள்?

எனக்கு இது புதிதும் அல்ல. குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் பெரியப்பாதான் மிருதங்கம். முகவீணை என்னும் ஊதுகருவி வாசிப்பவருக்கும் அவருக்கும் நடுவே குந்திக்கொண்டு விடிய விடியப் பார்த்திருப்பேன். ஒருநாள் பகலில் உறையைக் கழற்றி வலந்தலையில் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். பெண் தொட்டால் தோல் பதம் கெட்டுவிடும் என்று ஆயா (பாட்டி) புறங்கையில் அடித்தாள். கூத்தில் ஆண் திரௌபதி வேடம் கட்டலாமாம், மிருதங்கத்தைப் பெண் தொடக்கூடாதாம். ஆயாவாவது காரணத்தை முகத்துக்கு நேரே சொன்னாள்; முகாம் நடத்தியவர்களோ இப்போது 'நேரமின்மை' என்கிறார்கள். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தவும் அவர் பேசவும் நாற்பது நிமிடம் இருந்தது.

கட்டணத்தைத் திரும்ப வாங்கத்தான் இப்படி எழுதுகிறேன் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம், அந்தப் பணத்தில் இன்னொரு பொன்னாடை வாங்கிக்கொள்ளட்டும். முகாமின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கியதற்கும் நான் வருந்தவில்லை. நீக்குவதற்கு முன் அங்கே பார்த்ததுதான் மனத்தை அறுக்கிறது. நீங்கள் கேட்டது சரிதான் அக்கா என்று இரவு தனித்தனியாக அழைத்துச் சொன்ன மூன்று பேர், மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளருக்கு நன்றி தெரிவித்துக் கூப்பிய கைகளைப் போட்டிருந்தார்கள். மற்ற மூன்று மிருதங்கங்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுடையவை.