ஓடியதெல்லாம் பச்சை, எழுந்தது பாதி

பல கணினிகளை ஒரே மூச்சில் அமைத்துத் தரும் அன்சிபிள் ஓடி முடித்தது. எல்லா வரியும் பச்சை. அந்தக் கணினிகளுக்கு வேலை பங்கிடும் ஸ்லர்மைக் கேட்டால், பாதி நோடுகள், அதாவது கணினிகள், புது வேலை ஏற்காத ‘டிரெயின்’ நிலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கின்றன. காரணம் நினைவகக் கணக்காம்! 128 ஜிபிதானே என்று ஸ்லர்மின் அமைப்புக் கோப்பில் ரியல்மெமரியை 131072 எம்பி என எழுதினால், கர்னல் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் நோடு காட்டுவது அதைவிடக் குறைவு. அதற்குத்தான் இத்தனை வீம்பு. எண்ணைத் திருத்தினாலும் சும்மா எழுந்துவிடாது. ‘ரெஸ்யூம்’ என்று கெஞ்ச வேண்டும்.

நோடுகளுக்கிடையே அடையாளம் சரிபார்க்கும் மஞ்ச் வேறு ரகம். சாவிக் கோப்பு எங்கும் ஒன்றே, அனுமதியும் 0400தான். ஆனால் புதிதாகச் சேர்த்த நோடின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால், அது அனுப்பும் சான்று காலாவதி. அன்சிபிளின் கட்டளைப் பட்டியலான பிளேபுக்கில் நேர ஒத்திசைவை எழுதாமல் விட்ட புண்ணியவான் யாரோ, அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.