மறதி நோய் மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது

“மாத்திரை ஆரம்பிச்சாச்சு, இனி அம்மாவுக்குப் பழைய ஞாபகம் வந்துடும்தானே?” டிமென்ஷியா என்று தெரிந்த வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது. வராது. மருந்துச் சீட்டு எழுதும் அன்றைக்கே இதை வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இந்த நோய்க்குப் பரவலாக எழுதப்படும் மாத்திரையான டோனெபெசில் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல உதவும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் அது தடுக்கும், ஆனால் செல்கள் அழிவதை நிறுத்தாது. ஆறு மாத ஆய்வுகளில், ஞாபகத்தையும் சிந்தனையையும் சோதிக்கும் 70 புள்ளி கொண்ட தேர்வில், இதைச் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இருந்த வித்தியாசம் சராசரியாக 3 புள்ளிகூட இல்லை. கூடவே இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாமலே போகலாம்.

அதற்காகத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 2012இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், நோய் முற்றிய பிறகும் மாத்திரையைத் தொடர்ந்தவர்கள், நிறுத்தியவர்களைவிடச் சற்றுத் தேவலையாக இருந்தார்கள். லூயி பாடி என்ற டிமென்ஷியா வகையில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது சிலருக்குக் குறைகிறது.

அப்புறம் லெகனெமாப், அல்சைமர் என்ற டிமென்ஷியா வகைக்கு ஊசி வழியாக ஏற்றும் மருந்து. 2023இல் வந்தபோது “நோயை 27 சதவீதம் மெதுவாக்கும்” என்று செய்திகள் கொண்டாடின. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், ஒன்றரை வருடம் கழித்து, மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் வித்தியாசம் 0.45 புள்ளி. ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பலருக்கு அறிகுறி இல்லை, சிலருக்கு ஆபத்தானது. அதுவும் ஆரம்ப நிலை அல்சைமருக்கு மட்டும்தான். சதவீதத்தைச் சொல்பவர்கள் புள்ளியையும் சேர்த்துச் சொல்லட்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். டோனெபெசிலால் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். உடனே அதற்கு ஆக்சிபுட்டினின் எழுதுவார்கள். அதுவோ அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து! ஒன்று ஏற்றுவதை இன்னொன்று இறக்குகிறது, குழப்பம் கூடுகிறது, நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் அழுகிறார்கள். தூக்கத்துக்கும் அலர்ஜிக்கும் கடையில் நாமே வாங்கும் சில பழைய மாத்திரைகளும் இதே ரகம்தான். புதிய மாத்திரை தேடுவதற்கு முன், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாரா, கேட்டதையே எத்தனை முறை கேட்கிறார், சாப்பாடு குறைகிறதா, எழுந்து நின்றால் தள்ளாடுகிறாரா என்று ஆரம்பிக்கும்போதே குறித்து வையுங்கள். சில மாதம் கழித்து அதை வைத்துக்கொண்டு, தொடரலாமா வேண்டாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு நிலைமை வேகமாக மோசமாகிவிடும்.