செப்புத் தகட்டுல செதுக்கின ராஜா முகம்

பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி பத்தி நீங்க எழுதின கட்டுரைல ஓவியத்துக்கு இவ்ளோ இடம் குடுத்துட்டு, செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்ச படங்கள மலிவான நகல்னு ஒரே வரில தள்ளிட்டத என்னால ஏத்துக்க முடியல. ஓவியர் ரிகோ 1701ல வரைஞ்ச லூயியோட பெரிய ஓவியம் அப்போ வெர்சாய் அரண்மனைக்குள்ள வந்தவங்க கண்ணுக்குத்தான், ஆனா செதுக்குக் கலைஞர் பியர் த்ரெவே அதையே தகட்டுல செதுக்கினப்புறம்தான் ராஜா முகம் வெளிய நிறைய கைகளுக்குப் போச்சு. கலர் கிடையாது, வெறும் கோடு, அத தடிமனாக்கி மெலிசாக்கியே வெல்வெட் அங்கி வேற, வெள்ளை ரோமம் வேற, 60 வயசு தாண்டின மனுஷனோட தளர்ந்த கன்னம் வேறன்னு தெரிய வச்சிருக்காரு, ஜூம் பண்ணி பாருங்க அசந்துடுவீங்க.

அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1658ல, ராபர்ட் நான்தோய அரசவை செதுக்குக் கலைஞரா நியமிச்சாங்க. 1660ல லூயி ஆணையே போட்டாரு, செதுக்குறது வெறும் கைத்தொழில் இல்ல, கில்டுன்னு சொல்ற தொழில் சங்கத்தோட கட்டுப்பாட்டுக்கு அடங்காத சுதந்திரமான கலைன்னு. தன் முகம் எப்படி ஊரெல்லாம் பரவும்னு அந்த அரசவைக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. அடுத்த பகுதில நான்தோய் பத்தி கண்டிப்பா எழுதுங்க, தலைய மட்டும் கிட்டத்தட்ட நிஜ அளவுக்கே அவர் செதுக்கின படங்கள்லாம் இருக்கு.