ஊராட்சியும் மின்சாரம் தயாரிக்கலாம்

"ஊராட்சி மின்சாரம் தயாரிக்க லைசென்ஸ் கிடைக்காது, கமுதியில் சோலார் மின் நிலையம் வைத்திருப்பது மாதிரி பெரிய கம்பெனியால்தான் முடியும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. 2003 மின்சாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி உற்பத்திக்கு லைசென்ஸே தேவையில்லை. கிரிட்டில், அதாவது பொது மின் வலையமைப்பில், இணைப்பதற்கான தொழில்நுட்பத் தரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. தன் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது.

நம் ராமநாதபுரம் கடற்கரையில், தேவிபட்டினம், தொண்டி பக்கம் ஊராட்சிகள் சோலார் வைத்து ஏன் தயாரிக்க முடியாது? முதலில் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் பில்களை எடுத்து யூனிட் கணக்குப் போடுங்கள், கிராம சபையில் வையுங்கள். அப்புறம், நம் உப்புக்காற்றில் சோலார் பேனலைத் தாங்கும் சாதாரண இரும்பு ஃப்ரேம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியமோ நன்றாகக் கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்த இரும்போதான் வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்.